குளிரைத் தேடிப் போனவர்கள்

அக்கினி நட்சத்திரம் தொடங்கும் நாட்களில் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் நின்று வடக்கே நோக்குகிறவனுக்கு, கானல் நடுங்கும் வெளிக்கு அப்பால், வானத்தின் நீலத்திலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாத ஒரு நீலத்தில், மலைச்சுவர் ஒன்று எழுந்து நிற்பது தெரியும். அவன் நிற்குமிடத்தில் மரநிழலும் சுடும். அந்தச் சுவரின் உச்சியிலோ அதே வேளையில் ஒருவர் கம்பளிச் சட்டையைத் தேடிக்கொண்டிருப்பார். மேட்டுப்பாளையத்துக்கும் உதகமண்டலத்துக்கும் நேர்கோட்டில் அளந்தால் இருபது மைல்கூட இராது. உயரத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் அடி வித்தியாசம். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ இரண்டு டிகிரி உஷ்ணம் குறையும் என்பது இயற்கையின் கணக்கு. அந்தக் கணக்கின்படி, ஒரே நாளில், ஒரே சூரியனின் கீழ், இரண்டு வேறு தேசங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

இந்த நீலச்சுவரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டே வெயிலில் உழுது, வெயிலில் அறுத்து, வெயிலில் களத்துமேட்டில் நெல் தூற்றிய சமவெளி மக்கள், மேலே போய்க் குடியிருக்கலாம் என்று ஏன் எண்ணவில்லை என்ற கேள்வி எனக்கு வெகுகாலமாக உண்டு. நம் மொழி குளிர்ச்சியை மங்கலமாகவே பாவிக்கிறது. கண் குளிரப் பார்த்தோம், மனம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்றுதான் சந்தோஷத்தைச் சொல்கிறோம். ஆயினும் குடியிருக்கும் ஊரை நம்மவர் தேர்ந்தது தண்ணீரையும் மண்ணையும் குலதெய்வத்தையும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவையும் பார்த்துத்தானே யன்றி, சீதோஷ்ணத்தைப் பார்த்தல்ல. வெயில் அவர்களுக்கு ஒரு வியாதியாகத் தோன்றவில்லை. அது ஒரு பருவம், வரும், போகும். மலைக்குளிரைத்தான் அவர்கள் வியாதியென்று கருதினார்கள். அவ்வாறு கருதியதற்குக் காரணமும் இருந்தது. மலைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரும்போது நடுக்கும் காய்ச்சலோடு வந்தார்கள். சிலர் வரவே இல்லை. அந்தக் காய்ச்சல் மலையுச்சியின் குளிரிலிருந்து வந்ததல்ல, மலையடிவாரத்துக் காட்டில் பிடித்தது என்ற உண்மை தெரியவருவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

ஆனால் மலை யாரும் இல்லாத சூனியப் பிரதேசமாக இருந்ததென்று எண்ணுவது பெரும்பிழை. நீலகிரிக்கு மனிதர்களே அங்கு வெள்ளைக்காரர் ஏறிய பிறகுதான் வந்தார்கள் என்பது போன்ற தொனியில் எழுதப்பட்ட வரலாறுகள் நிரம்ப உண்டு. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சீதோஷ்ணத்துக்கு ஏற்பக் குடியிருப்பைத் தேர்ந்துகொள்ளும் வித்தையில் அந்த மலையின் ஆதிக்குடிகளுக்கு நிகரானவர்கள் இல்லை. உச்சியில் விரிந்து கிடக்கும் புல்வெளிகளில் தோதவர்கள் தம் எருமைகளோடு மந்துகள் என்னும் சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள்; வளைந்த கூரை தரைவரை இறங்க, மனிதர் தவழ்ந்து நுழையும்படியாக ஒரே ஒரு சிறுவாயில் வைத்த அவர்களுடைய வீடு, குளிர்காற்றை வெளியே நிறுத்தி அடுப்பின் சூட்டை உள்ளே காக்கும் சாமர்த்தியத்தின் வடிவம். மழையும் கோடையும் புல்லின் செழிப்பை மாற்ற மாற்ற, ஒரு மந்திலிருந்து இன்னொரு மந்துக்கு எருமைகளோடு பெயர்ந்து போவார்கள். சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை செய்த பூத்துக்குளி என்னும் கனத்த போர்வை அவர்களுக்கு அலங்காரமாகவும் இருந்தது, குளிருக்குக் காவலாகவும் இருந்தது. படகர்கள் சரிவுகளில் வரிசை வரிசையாக வீடுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஹட்டிகளை அமைத்து உழுதார்கள். கோத்தர்கள் இரும்பையும் மண்ணையும் மரத்தையும் வேலை செய்து, வாத்தியமும் வாசித்தார்கள். குறும்பர்களும் இருளர்களும் கீழே, வெம்மையும் ஈரமும் கலந்த காடுகளில் தேனும் கிழங்கும் கண்டு வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குடிக்கும் ஓர் உயரம், ஓர் உயரத்துக்கு ஒரு விதமான காற்று. எருமைநெய்யும் தானியமும் கலப்பைக் கொழுவும் தேனும் ஒன்றுக்கொன்று கைமாறிக்கொண்டிருக்க, அடிவாரக் காட்டிலிருந்து உச்சிப் புல்வெளிவரை ஒரு முழு சமூகமே படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தது.

வெளியுலகத்தின் ஏடுகளில் இந்த மலை எப்போதோ ஒரு தடவைதான் தலைகாட்டுகிறது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோதவர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாக 1117ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று கூறுகிறது. பிறகு 1603இல், மலைமேல் கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பினிசியோ என்னும் ஏசுசபைப் பாதிரியார் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏறிச்சென்று, கிறிஸ்தவர்களைக் காணாமல் தோதவர்களைக் கண்டு திரும்பினார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்து மலை கம்பெனியாருக்குச் சொந்தமான பின்பும், கோயம்புத்தூர் ஜில்லாவின் கணக்கில் அது ஒரு மூலையாகவே கிடந்தது. 1812இல் கீஸ், மக்மஹன் என்ற இருவர் அளவை செய்யப் போனார்கள். 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரண்டு உதவி அதிகாரிகள் ஏறிப்போய், சித்திரை மாதத்தில்கூட உடம்பு நடுங்கும் ஓர் உலகம் மேலே இருக்கிறதென்று வந்து சொன்னார்கள். புகையிலை கடத்துகிறவர்களைத் துரத்திக்கொண்டு போனபோது அவர்கள் வழிகண்டார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

அவர்கள் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். அவர் 1819 ஜனவரியில், பவானிக் கரையிலிருந்த தணாயக்கன்கோட்டையிலிருந்து மலையேறப் புறப்பட்டார். அந்தக் கோட்டையை இன்று தேடிப் போகிறவன் தண்ணீரைத்தான் காண்பான். 1955இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணை அதைத் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டது. ஏறிய குழுவினர் முதலில் தங்கிய இடம் கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்மஹட்டிப் பக்கம். அங்கே கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிக்கொண்ட வீடு, இடிந்து பாழாகி, பிற்காலத்தில் செப்பனிடப்பட்டு நிற்கிறது. அதே ஆண்டில் பிரெஞ்சு இயற்கைநூல் வல்லுநரான லெஷனோ தெ லா தூர், நோயுற்று மெலிந்த தேகத்தோடு மலைக்கு வந்து, சில நாட்களிலேயே தேறியெழுந்தார். மலையின் கீர்த்திக்கு அந்த ஒரு மனிதரின் குணம் செய்த உபகாரம் நூறு ரிப்போர்ட்டுகள் செய்திரா. இன்னும் ஓர் ஒற்றுமையையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அதே 1819இல்தான், கடலுக்கு அப்பால் இலங்கையில், ஜான் டேவி என்னும் ஆங்கில வைத்தியர் நுவரெலியாவின் குளிர்ந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். ஒரே ஆண்டில், ஒரே ஜாதியாரின் கண்களில், இரண்டு மலைகளின் விதி எழுதப்பட்டது. பிற்பாடு அவ்விரண்டும் சந்தித்துக்கொள்ளப் போகின்றன.

சல்லிவனை வெறும் சுகவாசி என்று சொல்லிவிட முடியாது. 1822இல் அவர் தோதவர்களின் நிலத்தில் கல் கொண்டு வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஒத்தைக்கல் மந்து என்று தோதவர் வழங்கிய அந்த இடத்தின் பெயரே வெள்ளைக்காரர் நாவில் திரிந்து ஊட்டகமண்ட் ஆகி, நம் நாவில் உதகமண்டலமும் ஊட்டியுமாயிற்று. 1823 முதல் 1825 வரை ஓடையை மறித்து ஏரி வெட்டினார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கோதுமையும் பழமரங்களும் வைத்துப் பார்த்தார். எந்தச் செடி அந்தக் காற்றில் சிரிக்கிறது, எது வாடுகிறது என்று குழந்தையைப் போலக் கவனித்தார். மலை நிலம் தோதவர்களுடையது, அதை எடுத்துக்கொள்வோர் விலை கொடுத்தே எடுக்கவேண்டும் என்று மேலதிகாரிகளோடு வாதாடியவரும் அவர்தான். ஏராளமான நிலத்தைத் தாமே வளைத்துக்கொண்டவரும் அவர்தான். இவ்விரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அவரைப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நியாயமாகாது. ஆரோக்கியத்துக்கென்று அவர் உலகத்துக்கு அறிமுகம் செய்த அந்த ஊரிலேயே, 1838இல், அவருடைய மனைவி ஹென்றியேட்டாவும் மகள் ஹாரியட்டும் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள். புனித ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களை அடக்கம் செய்தார்கள். 1841இல் சல்லிவன் மலையை விட்டுப் போனார். அந்தக் கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது.

அக்காலத்து வைத்தியசாஸ்திரத்தின் நம்பிக்கை என்னவென்று தெரியாவிட்டால் இந்த மலையேற்றத்தின் வேகம் விளங்காது. சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகிய தழையிலிருந்தும் எழும் கெட்ட ஆவியே காய்ச்சலுக்குக் காரணம், குறிப்பிட்ட உயரத்துக்குமேல் அந்த ஆவி ஏறாது என்பது அக்காலத்து வைத்தியர்களின் கொள்கை. கொள்கை தவறு, அதன் பலன் மட்டும் பெரும்பாலும் சரியாயிருந்தது. காய்ச்சலைப் பரப்பும் கொசு குளிரில் பெருகுவதில்லையாதலால், உயரத்தில் உண்மையிலேயே காய்ச்சல் இல்லை. மலையடிவாரத்தில் ஓர் இரவு தங்காமல் விரைந்து ஏறிவிட வேண்டும் என்று பிரயாணிகளுக்குப் புத்திமதி சொல்லப்பட்டது. இதில் ஆச்சரியமான ஒரு சம்பவம் உண்டு. மலேரியா என்னும் இந்தக் காய்ச்சலின் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ரொனால்டு ராஸ் 1897இல் ஊட்டிக்கு வந்து, சீகூர் கணவாய்ப் பக்கம் இறங்கி ஆராய்ந்தபோது, அந்தக் காய்ச்சலே அவரைப் பற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்தராபாதில் அவர் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டுபிடித்தார். எண்பது ஆண்டுகளாக எந்தக் காற்றுக்குப் பயந்து மனிதர்கள் மலையேறினார்களோ, அந்தக் காற்று நிரபராதி என்று அன்று தீர்ந்தது.

அதற்குள் மலை நகரமாகிவிட்டது. சென்னைக் கவர்னர் லஷிங்டன் காலத்தில் நோயுற்ற சிப்பாய்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் ஆரோக்கிய நிலையம் ஏற்பட்டது. 1829இல் அடிக்கல் நாட்டி 1831இல் திறந்த புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து உத்தரங்களைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். 1834இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங் தேகநலம் கருதி ஊட்டியில் தங்கியிருந்தபோது, அவரைக் காண, அவருடைய கவுன்சிலில் சட்ட உறுப்பினராக வந்த மெக்காலே சென்னையில் கப்பலிறங்கிப் பல்லக்கில் புறப்பட்டார். ஏறத்தாழ நானூறு மைல், அவரை மனிதர்கள் தோளில் சுமந்து சென்றார்கள். தேயிலைக்கும் ரயிலுக்கும் முன்பே மலைக்குளிரோடு பிறர் தோள்பாரம் பிணைந்துவிட்டது என்பதற்கு இந்தப் பல்லக்கைவிட வேறு சாட்சி எனக்குத் தோன்றவில்லை.

குளிர் என்று நாம் ஒரே சொல்லால் சொன்னாலும், மலையில் குடியேறியவர்கள் நாளடைவில் அதற்குள்ளேயே பல குளிர்களைக் கண்டார்கள். நீலகிரியின் நடுவே, 8,652 அடி உயரத்தில், பெரியமலை என்று பொருள்படும் தொட்டபெட்டா ஒரு முதுகெலும்பைப்போல நிற்கிறது. அதற்கு மேற்கே ஊட்டி; கிழக்கிலும் தென்கிழக்கிலும் கோத்தகிரியும் குன்னூரும். ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று சாரலும் மேகமுமாய் வந்து மோதும்போது ஊட்டி நனைந்து நடுங்கும். மலைமுதுகின் மறுபுறம் கோத்தகிரியில் வெளிச்சம் இருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கீழ்க்காற்று வரும்போது குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் மழை. மார்கழியிலும் தையிலும் ஊட்டியின் பள்ளங்களில் விடியற்காலையில் உறைபனி விழுந்து, புல் உப்புத் தூவினாற்போல வெளுத்திருக்கும். ஆயிரத்து முந்நூறு அடி தாழ்ந்த குன்னூரில் அதே காலையில் ரோஜா பூத்திருக்கும். வயிற்றுக்கடுப்பும் ஈரல் நோயும் உடையவர்களுக்கு ஊட்டியின் ஈரக்குளிர் மருந்தாகாமல் தீங்காவதை வைத்தியர்கள் கண்டார்கள். ஆதலால் பட்டாளத்துக்குக் குன்னூரை ஒட்டி, ஜக்கதலா என்னும் படக ஊர்ப் பக்கம் 1852 முதல் குடியிருப்பு எழுந்து, 1860இல் வெலிங்டன் என்று பெயர் சூட்டப்பட்டது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1855இல் தம் நலிந்த தேகத்துக்கு உகந்ததென்று தங்கியது கோத்தகிரியில். ஊட்டியின் குளிர் தாங்காதவன் குன்னூருக்கு, குன்னூரின் மழை தாங்காதவன் கோத்தகிரிக்கு என்று ஒரு முப்பது மைல் சுற்றளவுக்குள் மனிதர்கள் தத்தம் தேகத்துக்குத் தக்க காற்றைச் சட்டை தைப்பதுபோல அளவெடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு நுணுக்கமான தேர்வு உலகில் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

1870 முதல் சென்னை ராஜதானியின் சர்க்காரே கோடைதோறும் ஊட்டிக்கு ஏறத் தொடங்கிற்று. கவர்னரும் கவுன்சிலர்களும் காரியதரிசிகளும் தஸ்தாவேஜுக் கட்டுகளும் குமாஸ்தாக்களும் சித்திரையில் ஏறினால் ஐப்பசி வாக்கில்தான் இறங்கினார்கள். கடற்கரையில் வெந்துகொண்டிருந்த ராஜதானியை ஏழாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்து ஆள்வது தகுமா என்று சென்னை நகரத்து வர்த்தகர்களும் பத்திரிகைகளும் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதென்றே நான் கருதுகிறேன், ஏனெனில் 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் லட்சக்கணக்கில் மாண்ட ஆண்டுகளை ஒட்டித்தான் மலைமேல் கவர்னருக்குப் புதிய மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. மைசூர் மகாராஜா 1873இல் பெர்ன்ஹில் மாளிகையை வாங்கினார். பிற சமஸ்தானாதிபதிகளும் பின்தொடர்ந்தார்கள். பல்சக்கரம் பூட்டிய மலைரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தில், பதினாறு சுரங்கங்களைக் கடந்து அது ஏறுகிறது. அதற்குமேல் குளிர் டிக்கெட்டு வாங்கக்கூடிய பொருளாயிற்று.

குளிரை நாடி வந்தவர்கள் அந்தக் குளிரை அப்படியே விட்டுவைத்தார்களா என்றால், இல்லை. குளிர்ந்த ஊரில் வாழ்வதற்கு முதல் தேவை நெருப்பு. ஒவ்வொரு பங்களாவிலும் கணப்பு எரிந்தது. பட்டாளக் குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கில் அடுப்பு எரிந்தது. அவ்வளவுக்கும் விறகு, பள்ளத்தாக்குகளில் ஓடைக்குக் குடைபிடித்து நின்ற சோலைக்காடுகளிலிருந்து வந்தது. சோலைமரம் வளர நூறாண்டு வேண்டும். ஆகவே விரைந்து வளர்வதாக ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் சீகைமரத்தையும் கொண்டுவந்து புல்வெளிகளில் நட்டார்கள். மலைமக்கள் யூகலிப்டஸைக் கற்பூரமரம் என்பார்கள். இன்று ஊட்டி என்றதும் நம் நாசியில் நினைவெழும் அந்தத் தைலமணம் அந்த மலைக்குப் பிறவியில் இல்லாத மணம். எருமை மேய்ந்த வெளி தோப்பாயிற்று. ஈரம் காத்த சதுப்புகள் வற்றின. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சி ஒதுங்க ஒதுங்க இடம் சுருங்கிற்று. தோதவன் தேர்ந்த சீதோஷ்ணம் புல்லும் சோலையும் சேர்ந்து உண்டாக்கிய சீதோஷ்ணம் என்பதை, அதை விலைக்கு வாங்கியவர்கள் உணரவில்லை.

சீதோஷ்ணம் மனிதனுக்கு மட்டுமா? பயிருக்கும் அதுவே தேர்வு. அரசுத் தாவரத் தோட்டத்துக்கு 1848இல் வந்து சேர்ந்த மெக்கைவர், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், 1860ஐ ஒட்டி மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து தருவித்த சிங்கோனாவை வளர்த்தெடுத்தார். காய்ச்சலில்லாத மலையில் வளர்ந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த கொயினா, காய்ச்சல் மிகுந்த சமவெளிக்குச் சிறு பொட்டலமாகத் தபாலாபீசுகளின் வழியாகவும் இறங்கி வந்து, மலையேற வசதியில்லாத எத்தனையோ உயிர்களைக் காத்தது. மலைக்குளிர் நம் ஏழைகளுக்குச் செய்த நன்மைகளில் இதற்கு மேலான ஒன்றை நான் அறியேன். தேயிலையோ 1830களில் கேத்தியில் பரீட்சைக்கு வைத்த சில செடிகளாகத் தொடங்கி, ஐம்பதுகளில் குன்னூரில் தோட்டமாகி, சிங்கோனாவும் காப்பியும் பின்வாங்கிய இடங்களையெல்லாம் மெல்லமெல்ல மூடிக்கொண்டது. நீலகிரித் தேயிலையின் மணத்துக்கு அந்த மலையின் மூடுபனியே காரணம் என்று தோட்டத்தார் சொல்வார்கள்.

கொழுந்து கிள்ளும் விரல்கள் எங்கிருந்து வந்தன? கோயம்புத்தூர், சேலம், மைசூர், மலையாளம் ஆகிய பக்கங்களிலிருந்து, பஞ்சமும் கடனும் விரட்ட, ஆள்சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். அவர்களில் யாரும் தேகத்துக்கு எந்தக் காற்று உகந்தது என்று யோசித்து வந்தவர்களல்லர். பருத்தித் துணியோடு வந்து, பத்தடி நீளமும் பத்தடி அகலமுமான லைன் வீட்டில், இரவெல்லாம் அடுப்பங்கரையில் குழந்தைகளை நெருக்கி உறங்கவைத்து, விடியுமுன் தேயிலைப் பாத்தியில் இடுப்பளவு நனைந்து நின்றார்கள். எஜமானனின் ஆரோக்கியத்துக்கு மருந்தாக இருந்த அதே பனி, அவர்களுடைய நெஞ்சில் சளியாக இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காத்துக்கொள்வதற்காகத் தொழிலாளர்களுக்குக் குடையும் கம்பளியும் மழைக்கோட்டும் எத்தனை, எவ்விதமானவை கொடுக்கவேண்டுமென்று மாநில சர்க்கார் விதிகள் செய்யலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. நீலகிரிக் குளிரைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ பக்கங்கள் வர்ணித்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு பிரிவே அவற்றுள் சிறந்த பக்கமாகத் தோன்றுகிறது. குளிர் அங்கே முதன்முதலாகத் தொழிலாளியின் தோளிலிருந்து அளக்கப்பட்டது.

தேர்வு செய்துகொள்ள முடிந்தவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1923இல் நடராஜ குரு நீலகிரியில் நாராயண குருகுலத்தை நிறுவினார். பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ஓய்வுபெற்றபின் குன்னூரில் குடியிருந்து, 2008இல் வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார். பென்ஷன் பெற்று வீடு கட்டியவர்களும், கோடையில் இரண்டு நாள் மூச்சுவிட வருகிறவர்களும் பெருகிப் பெருகி, 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கு வருகிற வண்டிகள் இ-பாஸ் பெறவேண்டியதாயிற்று. அதற்குச் சில நாட்களுக்குமுன், ஏப்ரல் இறுதியில், ஊட்டியில் உஷ்ணம் 29 டிகிரியைத் தொட்டது.

இனி, முன்னே சொல்லி நிறுத்திய நுவரெலியாவுக்கு வருகிறேன். குன்னூரும் நுவரெலியாவும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரே உயரம், ஆறாயிரத்து நூறு அடி வாக்கில். அந்தத் தீவின் மலைகளுக்கு, திருச்சி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் புழுதியிலிருந்து கூட்டிச்செல்லப்பட்ட நம் மக்கள், காடு வெட்டி, காப்பி நட்டு, தேயிலை நட்டு, மூன்று நான்கு தலைமுறைகளாகக் குளிருக்குப் பழகினார்கள். 1948இல் அவர்களுடைய பிரஜாவுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டது. எந்த ஊர்க் காற்று உங்களுக்கு உகந்தது என்று அந்தக் கணக்கில் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமின் மணலில் உட்கார்ந்தபோது, தாய்நாட்டின் வெயில் அவர்களை அந்நியரைப்போல வரவேற்றது. பாட்டனின் ஊரைத் தேடிப் போன பலருக்கு அங்கே நிலமும் இல்லை, அந்த வெயிலைத் தாங்கும் தேகமும் இல்லை.

அவர்களுக்காகவே தமிழக சர்க்கார் 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கிற்று. பிற்காலத்தில் டான்டீ என்ற பெயரில் வளர்ந்த நிறுவனம் அதுதான். கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், பந்தலூர், சேரம்பாடி என்று லைன்கள் எழுந்தன. வேலை கிடைத்தவர்களைப் பின்பற்றி, வேலை கிடைக்காத உறவினரும் சமவெளியின் குடியேற்றங்களை விட்டு மேலேறி வந்தார்கள். அந்த மலைச்சரிவில் கூரையும் பட்டாவும் அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. இருந்தும் இறங்கிப் போகவில்லை.

கோத்தகிரிப் பக்கத்து லைன் ஒன்றில், மாலைப்பனி இறங்கிக்கொண்டிருந்த வேளையில், இலங்கையின் அட்டன் பக்கத்திலிருந்து சிறுவயதில் கப்பலேறி வந்த ஒரு முதியவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எந்த ஊருக்குப் போனீர்கள் ஐயா என்று கேட்டேன். "தாத்தா ஊருக்குத்தான் போனோம், தம்பி. அம்மாவுக்கு அங்க ராத்திரியில தூக்கமே வராது. புழுக்கம். எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவாங்க. பிறகு ஒரு மாமா கூப்புட்டாருன்னு இங்க பஸ் ஏறி வந்தோம். குஞ்சப்பனை தாண்டுனதும் சன்னல் வழியா பனி உள்ள வந்திச்சு. அம்மா பேசாம முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டாங்க. தோட்டத்துல கொழுந்துக்குப் போகும்போது போடுவாங்களே, அப்படி." அவர் எழுந்து உள்ளே போய், மடித்து வைத்திருந்த கறுப்புக் கம்பளி ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அது அக்கரையிலிருந்து வந்தது என்றார்.